பச்சைக் கரைப் பட்டு

துரைக்கண்ணுவுக்கு நாடகமே பிடிக்காது என்று தெருவில் யாராவது சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள், மாஜிஸ்திரேட் ஐயா. மெட்ராசிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு நாடகக் கம்பெனி ஆரணிக்கு வந்த அன்றே தறியை நிறுத்திவிட்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு போனவன் நான்.

கதை ஒரு வியாபாரியைப் பற்றியது. அவன் ஊரில் இல்லாதபோது மனைவி வண்டிக்காரனோடு சேருகிறாள். வியாபாரி திரும்பி வந்து அவளை உயிரோடு பாழுங்கிணற்றில் தள்ளி மூடுகிறான். பெண் வேஷக்காரன் கட்டியிருந்த பழம்புடவையைப் பார்த்து ஜனம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கிணற்றில் தள்ளியது எனக்கு நியாயமாகப் பட்டது. என் மனைவி அபிதகுசாம்பாள் மட்டும் வீடு வரை அழுதுகொண்டே வந்தாள்.

"பாவம்ங்க அவ. என்னா ஏதுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

கெட்டுப்போனவளுக்காக ஒரு குடும்பப் பெண் எதற்கு அழ வேண்டும்? அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் சேலை கொடுக்க வந்தவாசிக்குப் போனேன். வேலை முடிந்து இரண்டு நாள் கழித்துப் பொழுது சாயும் நேரத்தில் திரும்பினேன். நாடகக் கொட்டகைக்குப் பின்னால், முக்காடு போட்ட ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டியபடி, வண்டிக்காரனாக நடித்தவனின் தோளில் சாய்ந்திருந்தாள். முகம் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சேலையின் உடம்பு அரக்கு நிறம், கரை பச்சை. எங்கள் கல்யாணத்துக்கு நானே நெய்த பட்டு. நெய்தவனுக்குத் தன் கைவேலை தெரியாதா?

குளத்தில் கால் கழுவிக்கொண்டு நிதானமாக வீட்டுக்குப் போனேன். அவள் நூல் புடவையில் அடுப்படியில் இருந்தாள். எனக்கு முன்னால் ஓடிவந்து மாற்றியிருக்கிறாள் என்று நினைத்தேன். பச்சைக் கரைச் சேலை எங்கே என்று கேட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"வெளுக்கப் போட்டிருக்கேங்க."

பட்டை யாராவது வெளுக்கப் போடுவார்களா, ஐயா? நெசவுக்காரன் பெண்டாட்டிக்குப் பொய்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. நான் கத்தவில்லை. தறியில் கிடந்த கயிற்றை எடுத்தேன். எங்கள் வீட்டில் கிணறு கிடையாது. தறியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடும் குழியைத்தான் இன்னும் ஆழமாக்கினேன். தெருவே நாடகத்துக்குப் போயிருந்ததால் மண்வெட்டிச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. மண்ணைத் தள்ளும்போது அவளுக்கு மூச்சு இருந்தது. நாடகத்திலும் அப்படித்தான். வண்டிக்காரனை நான் ஒன்றும் செய்யவில்லை. நாடகத்திலும் அவன் தப்பித்துவிடுகிறான்.

விடிந்ததும் அதே இடத்தில் உட்கார்ந்து நெய்தேன். மிதிபலகை கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

மதியம் பெண் வேஷம் கட்டும் ஜெயவேல் வந்தான். கையில் தாம்பூலத் தட்டு. அதில் அந்தச் சேலை.

"அக்கா இல்லீங்களா? பழம்புடவைய கட்டிகினு வந்தேன்னு ஜனம் சிரிச்சிடுச்சு. அக்காதான் மனசு கேக்காம இதக் குடுத்தாங்க. நீங்க கோவிச்சிக்குவீங்கன்னு பயந்துகினேதான் குடுத்தாங்க. நேத்து சாயந்திரம் கொட்டகைக்குப் பின்னால நடந்த ஒத்திகைக்கும் இதத்தான் கட்டிகினேன்."

அவள் கலசப்பாக்கத்தில் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிச் சேலையை வாங்கி வைத்தேன். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான், அவள் அங்கே வரவில்லையே என்று அவள் அண்ணன் தேடிக்கொண்டு வந்தான். குழியில் புதுமண்ணைப் பார்த்தவனும் அவன்தான்.

அவசரப்பட்டுவிட்டாயே என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் அன்று முழுவதும் தறியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், ஐயா. அவளுக்கென்று நான் நெய்த பட்டை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், இன்னொரு ஆண்பிள்ளையின் உடம்பில் சுற்றக் கொடுத்திருக்கிறாள். கொன்றவன் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். குற்றமில்லாதவளைக் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.