ஏழு நாள் டார்கெட்

நீங்களே சொல்லுங்க, இந்த போர்டைக் கொண்டுபோய் சீட்டுக்கடியில போட முடியுங்களா? எழுத்து அழிஞ்சுபோயிரும்னு ஒருக்கா சொன்னனுங்க... அந்தக் கண்டக்டர் கேட்டாரா? அதான் சத்தம் போட வேண்டியதாப் போச்சு. உங்க முட்டில இடிக்குதுங்களா? கொஞ்சம் பொறுத்துக்கங்க, காங்கேயத்துல எறங்கிருவேன்.

எம்புள்ளைக்குத்தானுங்க இது. சத்யப்பிரியா. பன்னெண்டாவது படிக்கறா. ஸ்கூல் மீட்டிங்குல மிஸ்ஸு சொன்னாங்க, 'நல்லாப் படின்னு பொதுவாச் சொல்லாதீங்க, அளந்து பாக்கற மாதிரி ஒரு இலக்கு வைங்க'ன்னு. எனக்கா அளக்கத் தெரியாது? பனியன் கம்பெனில இருவத்தாறு வருசமா செக்கிங்குங்க! தையல் லைன்ல மணிக்கு இத்தன பீஸ்னு எழுதித் தொங்க விடுவமுல்ல... அதே மாதிரி இந்த போர்டை ஊட்டுல மாட்டிப்போட்டேன். மணிக்கு இருவது கணக்கு. மணியானா நான் போய் எண்ணுவேன்.

மொத வாரம் பாருங்க... இருவது, இருவது, இருவத்திரண்டு! நெஞ்சு நெறஞ்சுபோச்சுங்க. அப்புறம் பரிச்சை வந்துச்சு. எழுவத்தெட்டு வாங்கீட்டிருந்தவ, நாப்பத்தொண்ணு! நோட்டைப் பொரட்டுனா அத்தனையும் ரெண்டு வரிக் கணக்கு. பெரிய கணக்கைத் தொடவே இல்லீங்க. பீஸுக்கு இத்தனைன்னு கூலிக்குத் தைக்கறவங்க ஈஸியான பீஸாப் பாத்து எடுத்து அடுக்குவாங்கல்ல... அதேதான்!

கத்துனனுங்க. நல்லாவே கத்துனேன். அவ அழுவல. போர்டைத் தொடைச்சா, சாக்பீஸ எடுத்தா, எழுதுனா. இதப் பாருங்க... 'ஆபரேட்டர்: அங்கமுத்து. வேலை: கத்தாம இருக்கறது. டார்கெட்: ஏழு நாள்.' அங்கமுத்து நாந்தானுங்க. இது முடிஞ்சாத்தான் வருவேன்னு பையத் தூக்கீட்டு காங்கேயத்துல மாமன் ஊட்டுக்குப் போயிட்டா.

ஏனுங்க, நான் கெட்டவனுங்களா? டீ குடிக்கறப்பக்கூட இதே ரோசனைதான். மணிக்கொருக்கா எண்ணப் போனனே... பக்கத்துல உக்காந்து, 'எந்தக் கணக்கு கண்ணு வரமாட்டீங்குது'ன்னு ஒரு நாளாவது கேட்டனா? கேக்கலீங்களே.

ஆனா பாருங்க, ஆறு நாள் முடிச்சுட்டேன். ஆறு கோடு, எண்ணிக்கங்க. இன்னிக்கு ஏழு. எறங்குனதும் ஏழாவது கோட்டைப் போட்டு, நேரா அவ முன்னால கொண்டுபோயி...

என்னங்க? ஏன் அப்படிப் பாக்கறீங்க?

கண்டக்டரா? அது... அது பஸ்ஸுங்க. ஊடு இல்லீங்களே. கணக்குல வராதுங்க.

வருங்களா?

ஊட்டுல மட்டும்னு அவ எழுதலதான்...

அடப் போங்க. இருவத்தாறு வருசத்துல ஓட்டை பீஸ் ஒண்ணைப் பாஸ் பண்ணுனதில்லீங்க நான். எம்பட பீஸுன்னா மட்டும் உட்டுருவனா? இந்தாங்க, அழிச்சுட்டேன். ஆறும் போச்சு. சைபர். சைபரோட போய் நின்னா வருவாளாங்க? வராட்டிப் போறா. எந்தக் கணக்குன்னாவது கேட்டுட்டு வாறேன்.

அட, எங்கீங்க எந்திரிக்கறீங்க? காங்கேயமே இன்னும் வரலீங்களே! முன்னால சீட்டு காலியாங்க? செரி, செரி. போற வழில அந்தக் கண்டக்டரை ஒருக்கா இங்க வரச் சொல்லுங்க.

ஐயோ, சண்டைக்கில்லீங்க! மெதுவாத்தான் பேசுவேன். மொத நாள் இப்பத்தானுங்க ஆரம்பிக்குது.