லைன் நின்ற பக்கம்

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில், என் முன் சீட்டில் சீருடை போட்ட இரண்டு பெண்கள். ஒருத்தி தென்காசிப் பக்கம், தோழி படப்பைக்காரி.

“என் நாவலப் பாதியா வெட்டணுங்காங்க பதிப்பகத்துல. எத வெட்டன்னே தெரியல. அசெம்ப்ளி லைன்ல போன எடுத்துப் படிக்கக் கூடாதுல்லா, அதான் நேத்து ஷிப்ட் முழுக்க மனசுக்குள்ளயே முதல்லருந்து சொல்லிப் பார்த்தேன்.”

“இன்னாடி சொல்ற! முந்நூறு பக்கமும் மனப்பாடமாவா?”

“எழுதுனவ நாந்தான? கை பாட்டுக்கு ஸ்க்ரூ போட்டுச்சு. கதையில அக்காக்காரி வீட்டுக்குத் திரும்பி வர்ற இடத்துல மட்டும் கை அப்படியே நின்னுட்டு. லைனே நின்னு, சூப்பர்வைசர் வந்து சத்தம் போட்டாரு.”

தோழி அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்த வேணா வெட்டு. லைன நிறுத்துன பக்கத்துல மட்டும் கை வெச்ச, பாத்துக்க.”