செம்மரமும் தேவாங்கும்

மாநில எல்லை பிரிப்பில் சத்தியவேடு ஆந்திராவுக்கா மெட்ராசுக்கா என்று திருப்பதி பஸ் முழுக்க ஒரே சண்டை. என் முன்சீட்டுப் பெண்ணும், அவளுக்கு எதிர்ப்பக்கம் கோடாலியோடு உட்கார்ந்திருந்தவரும் மட்டும் வேறு பேசினார்கள்.

"கூடையில இன்னாம்மா?"

"தேவாங்குண்ணா. புத்தூர் வைத்தியருக்கு எடுத்துக்கினு போறேன். இது கண்ண நோண்டி மருந்து பண்ணுவாராம்."

"அடப்பாவமே! நான் செம்மரம் வெட்றவன்மா. மரத்த வெட்னா அடிக்கட்டை திரும்பத் துளிர்க்கும். இது கண்ணு துளிர்க்குமா?"

அவள் கூடைத் துணியை லேசாக விலக்கினாள். வெயில் பட்டதும் இரண்டு பெரிய கண்கள் கூசிச் சுருங்கின. உடனே மூடிவிட்டாள்.

"அம்மை போட்டு எம் பொண்ணுக்கு ரெண்டு கண்ணும் போச்சுண்ணா. அது துளிர்க்கும்னு வைத்தியரு சொல்றாரு."