மூன்று மாதத்தில் கட்டித் தரப்படும்

அமைச்சர்: ...காய்ச்சல்காரியைக் கத்த வைக்காதே. கதவைச் சாத்திட்டு உக்காரு. துணை அமைச்சர்னா என்ன வேலை, சொல்லு பாப்போம்.

துணை அமைச்சர்: ரிப்பன் வெட்டுறது, அக்கா...

அமைச்சர்: அப்புறம்?

துணை அமைச்சர்: அவையில நீங்க பேசுறப்போ பின்னால உக்காந்து தலையாட்டுறது. நீங்க வராத அன்னிக்கு, நீங்க எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறது.

அமைச்சர்: இன்னிக்கு என்ன எழுதிக் கொடுத்தேன்?

துணை அமைச்சர்: "சரக்குக் கிடங்கில் சுமை தூக்கும் பெண்களுக்குக் கழிப்பறை கட்டுவது அரசின் பரிசீலனையில் உள்ளது." ஒரு எழுத்து மாத்தலைக்கா, அப்படியே வாசிச்சேன்.

அமைச்சர்: வாசிச்சுட்டு?

துணை அமைச்சர்: எதிர்க்கட்சிக்காரர் எழுந்து, "எப்பத்தான் கட்டுவீங்க?"ன்னு கேட்டுட்டாரு.

அமைச்சர்: பாக்கறோம்னு சொல்லிட்டு உக்கார வேண்டியதுதானே!

துணை அமைச்சர்: அதுக்குத்தான் வாயைத் திறந்தேன்... "மூணு மாசத்துல"ன்னு வந்துடுச்சு.

அமைச்சர்: வந்துடுச்சா? அதென்ன ஏப்பமா, தானா வர? அவையில சொல்லிட்டா அது அரசாங்கத்தோட வாக்குய்யா. கட்டியே தீரணும். நிதியமைச்சர் போன்ல குதிக்கிறாரு. இந்தக் கழிப்பறைக் கோப்பைப் பணமில்லைன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பினவரு அவரு. உன்னைப் பதவியை விட்டு அனுப்பச் சொல்றாரு!

துணை அமைச்சர்: அனுப்பட்டும். அந்தக் கிடங்குல மூட்டை சுமந்துட்டுத்தானே இங்க வந்தேன். என் பொண்டாட்டி இன்னும் அங்கதான் சுமக்கறா. வேலை முடியற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டா. குடிச்சா... எங்க போவா?

அமைச்சர்: ...இதை ஏன்யா என்கிட்ட சொல்லலை?

துணை அமைச்சர்: சொந்தக் காரியம் பாக்கறான்னு பேசுவாங்களேக்கா.

அமைச்சர்: சரி, அது கிடக்கட்டும். எதிர்க்கட்சிக்காரரை அந்தக் கேள்வி கேக்கச் சொன்னது யாரு?

துணை அமைச்சர்: எனக்கெப்படித் தெரியும்?

அமைச்சர்: கூரையைப் பாக்காதே. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.

துணை அமைச்சர்: ...நான்தான். கேன்டீன்ல வெச்சு. டீ கூட வாங்கிக் கொடுத்தேன்.

அமைச்சர்: எனக்கு பிஸ்கட்டும் சேத்து செலவாச்சு.

துணை அமைச்சர்: உங்களுக்கா?

அமைச்சர்: ஆமாய்யா. நானும் அதே கேள்வியைக் கேக்கச் சொல்லித்தான் அவர்கிட்ட போனேன். பிஸ்கட்டைத் தின்னு முடிச்சுட்டு, "உங்க துணை அமைச்சர் ஏற்கெனவே சொல்லிட்டாரே"ன்னு சிரிக்கிறாரு. நான் சொன்னா, இப்போதைக்குக் கட்டலைன்னு நிதியமைச்சருக்குக் கொடுத்த வாக்கை மீறினேன்னு ஆகும். நீ சொன்னா வாய் தவறினதுன்னு போகும், அதான் உன்னை வாசிக்க விட்டேன். உன்னை அனுப்பினா நானும் கிளம்பறேன்னு நிதியமைச்சர்கிட்ட இப்பத்தான் சொல்லி வெச்சேன், ஆளு கப்சிப். போ, போய்க் கடைக்கால் தோண்டச் சொல்லு... அப்புறம் ஒண்ணு. எனக்குக் காய்ச்சல் வந்ததே அந்த பிஸ்கட்டுக்கு அப்புறம்தான்.