எட்டாயிரம் வெள்ளி வித்தியாசம்

விலை கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது அவர்கள் வீட்டு மின்விசிறியைப் பற்றித்தான். விசிறி கடகடவென்று ஓடினால் அந்த இரைச்சலுக்கு நானூறு வெள்ளிப் பெட்டியே போதும் என்பேன். பாதிப் பேருக்கு அங்கேயே முகம் வாடிவிடும். ‘போதும்’ என்ற சொல்லைக் கேட்க யாரும் என்னிடம் வருவதில்லை. ஆகவே சற்றுப் பொறுத்து, விசிறியை மாற்றிவிடுங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மைக்கில் பாடுவதைக் கணினிக்குள் கொண்டுபோகவும், கணினியில் இருப்பதைத் திரும்பக் காதுக்குக் கொண்டுவரவும் நடுவில் ஒரு பெட்டி வேண்டும். அதற்குத்தான் அந்தப் பெயர். நானூறு மலேசிய வெள்ளிக்கும் கிடைக்கிறது. என்னிடம் இருப்பது எட்டாயிரத்து நானூறு. இடையிலுள்ள எட்டாயிரத்துக்கு என்னதான் கேட்கிறது? இந்த மாதக் குறிப்பில் அதற்கு நேர்மையாகப் பதில் எழுதச் சொல்லிச் சங்க உறுப்பினர்கள் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். ஹரீஷ் விஷயமும் அதற்குள் வந்துவிடும்.

என் பெயர் பக்கிரிசாமி. புக்கிட் தெங்காவில் ஸ்பீக்கர் செய்யும் தொழிற்சாலையொன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். என் வேலை கேட்பது. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் அடிச்சத்தத்திலிருந்து கீச்சுச்சத்தம் வரை இருபது வினாடி ஓடும். கரகரப்பு இல்லையென்றால் தலையாட்டுவேன். பக்கத்தில் இருக்கும் பெண் முத்திரைச் சாப் குத்துவாள். ஒரு நாளைக்கு அறுநூறு தலையாட்டல். பிறகு ஒரு இயந்திரம் வாங்கினார்கள். அது தலையாட்டாமலேயே கேட்டது. எனக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

கேட்கத் தெரிந்தவன் சும்மா இருக்க முடியாது. ஜார்ஜ் டவுனில் சீனி முகம்மதுவின் துணிக்கடை மாடியில் பினாங்கு நுண்செவிச் சங்கத்தைத் தொடங்கினேன். சுற்றிலும் துணிப் பேல்கள் அடுக்கியிருப்பதால் அங்கே எதிரொலி கிடையாது. எட்டு உறுப்பினர்கள். ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கூடுவோம். விதிகள் நானே எழுதினேன். முறுக்கு கொண்டுவரக் கூடாது. குமிழ்களைத் தலைவர் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. இயர்போன் செருகியவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்; தலைவர் தலையாட்டும் வரை எதையும் கழற்றக் கூடாது. கடைசி விதியில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ‘கேட்டு ஒப்புக்கொள்ளப்பட்டது’ என்று ஒரு சாப்பும் செய்துவைத்திருந்தேன். கல்யாண மண்டபத்துக்கு மைக் செட் வாங்குகிறவர்கள்கூட அந்தச் சாப்புக்காகக் காத்திருப்பார்கள்.

போன வருடம் ஒரு கிளினிக்கில் என் காதைப் பரிசோதித்துப் படம் வரைந்து கொடுத்தார்கள். பாதிவரை ஒழுங்காகப் போன கோடு, அதன் பிறகு பினாங்கு மலையிலிருந்து இறங்கும் ரயில் மாதிரி கீழே போயிருந்தது. கீச்சுச்சத்தம் எதுவும் எனக்குக் கேட்பதில்லை என்றார் அந்த டாக்டர். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும் போலிருந்தது அவருக்கு. அந்தக் காகிதத்தை மடித்து, எட்டாயிரத்து நானூறு வெள்ளிப் பெட்டியின் அட்டைக்குள் வைத்தேன். வீட்டில் வேறு யாரும் திறக்காத இடம் அதுதான்.

என் மனைவி ஜெயலெட்சுமிக்குக் காகிதம் தேவைப்படவில்லை. “எட்டாயிரம் வெள்ளி பெட்டி பேசறது கேக்குது, பொண்டாட்டி கூப்புடறது மட்டும் கேக்காதுலா” என்பாள். நான் சிரித்துவைப்பேன். அவள் அந்தப் பக்கம் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, பாட்டில் வரும் தாளத்தட்டைத் தேடுவேன். அது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும், நினைவிலிருந்து தெரியும். சத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்பேன். ஒரு நாள் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், மறைக்க எதுவுமில்லை.

ஹரீஷுக்கு இருபத்தேழு வயது. பத்து காவானில் தொழிற்சாலை வேலை, சனி ஞாயிறுகளில் கல்யாணங்களில் பாடுவான். நல்ல குரல். அதைவிட நல்ல காது. நானூறு வெள்ளிப் பெட்டிதான் வைத்திருந்தான். அதற்காக வெட்கப்படவும் தெரியாதவன்.

ஒரு ஞாயிறு என் பெட்டியில் அவன் பாட்டைப் போட்டுக் காட்டி, “கண்ணாடி மாதிரி இருக்கிறது, தூசி இல்லை” என்றேன். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். படி இறங்கும்போது ஹரீஷ் என் பக்கத்தில் வந்தான்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பாட்டு முழுக்க ஒரு விசில் சத்தம் வந்துச்சு. வயர் லூஸ் போல. உங்களுக்குக் கேக்கலயா?”

“வேணும்னுதான் விட்டேன், தம்பி. யாரு கண்டுபிடிக்கிறாங்கன்னு பாத்தேன்.”

“ஓ, அப்படியா அண்ணே” என்றான். நம்பாத குரல். ஆனால் மரியாதை குறையவில்லை.

அடுத்த வாரம் சீனி முகம்மது பிரச்சினையைப் பெரிதாக்கினார். அவர் மகள் நஸீஹா நஷீத் எனும் இஸ்லாமியப் பக்திப் பாடல்கள் பாடுகிறாள். அவளுக்குப் பெட்டி வாங்க வேண்டும். “அண்ணே, எட்டாயிரம்னா சும்மாவா. ஒரு டெஸ்ட் வச்சிருவோம்லா. ரெண்டு பெட்டியையும் சாரோங் போட்டு மூடிருவோம். மொதல்ல ஹரீஷ் கேட்டு எது பெரிய பெட்டின்னு எழுதட்டும், அப்பறம் நீங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரி எழுதிட்டீங்கன்னா நா கண்ண மூடிக்கிட்டு வாங்கிருவேன்.”

நியாயமான யோசனை என்று சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும்.

அன்றைக்கே ஹரீஷ் என்னைக் கார்வரை தேடி வந்தான். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினான். எனக்குக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லவைத்தேன்.

“உங்க முறை வரப்ப சுவிட்ச் நாந்தானே போடுவேன். பெரிய பெட்டின்னா உங்க நாற்காலிய ஒரு தடவ தட்டுறேன் அண்ணே. யாருக்கும் தெரியாது. அப்பறம் ஒரு நாளு லீவு போட்டு நா உங்கள காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு.”

கேலி செய்திருந்தால் பொறுத்திருப்பேன். தொழிற்சாலையில் எவ்வளவோ கேலியைப் பொறுத்தவன் நான். நுண்செவிச் சங்கத்தின் தலைவர், நாற்காலி தட்டுவதைக் காதால் அல்ல, பின்புறத்தால் உணர்ந்து தீர்ப்பு எழுதுவது என்பதை மட்டும் ஏழு நாளும் நினைத்து நினைத்துப் பார்த்தேன். அவன் உதவியை ஏற்றிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவனுக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

ஞாயிறன்று எட்டுப் பேரும் சரியாக மூன்று மணிக்கு வந்துவிட்டார்கள். இரண்டு பெட்டிகளையும் கடையிலிருந்தே எடுத்த புது சாரோங் மூடியிருந்தது. விதிப்படி குமிழ்கள் என் கையில். ஹரீஷ் இயர்போனைக் காதுக்குள் நன்றாகச் செருகிக்கொண்டு கண்ணை மூடினான். முதலில் ஒரு பாட்டைச் சின்னப் பெட்டியில் போட்டேன். பிறகு பெரிய பெட்டியில். அவன் சிரித்த முகமாகத்தான் இருந்தான்.

அடுத்து நடந்ததைப் பற்றி, இந்தக் குறிப்பை எழுதும்வரை எல்லோரிடமும் கை தவறியது என்று சொல்லிவந்தேன். சின்னப் பெட்டி கெட்டுப்போயிருந்தது என்றும் சொன்னேன். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

பெரிய பெட்டியின் குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டு, தொழிற்சாலையில் ஓடவிடும் அந்தக் கீச்சுச்சத்தத்தைப் போட்டேன். அது எனக்குக் கேட்காத சத்தம். எவ்வளவு பலமாக இருந்ததென்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்? என் வரைக்கும் அந்த அறை அமைதியாகத்தான் இருந்தது.

ஹரீஷின் தோள்கள் மேலே ஏறின. கைகள் இரண்டும் காதுவரை போயின. அப்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். நான் தலையாட்டவில்லை. கைகள் இறங்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டன. கண்ணை மறுபடி மூடிக்கொண்டான். இமையோரத்தில் தண்ணீர் வந்தது. விதிக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த உறுப்பினரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தேநீர்த் தட்டோடு மாடி ஏறிவந்த சீனி முகம்மதுவின் மனைவி மஹ்பூபா, “என்னங்க, இங்க என்னமோ கீச்சுன்னு கேக்குதே” என்றார்.

“ஏர்கான்மா” என்றேன்.

இருபது வரை எண்ணினேன். இருபது வினாடிதான் தொழிற்சாலைக் கணக்கு. அதன் பிறகு தலையாட்டினேன்.

அவன் இயர்போனைக் கழற்றிவிட்டு, “அண்ணே, பேசுங்க” என்றான். நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

டெஸ்ட் அதோடு நின்றது. என் முறை வரவேயில்லை. சாரோங்குக்கு அடியில் சத்தம் எந்தப் பெட்டியிலிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது. மலிவுப் பெட்டி காதைக் கெடுத்துவிட்டது என்றேன், சாப் குத்திய மாதிரி ஏற்றுக்கொண்டார்கள். உண்மையில் சின்னப் பெட்டியால் அது முடியவே முடியாது. குமிழை முழுக்கத் திருப்பினாலும் காது கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். அதற்குள் அத்தனை பலம் இல்லை. இதை உறுப்பினர்களில் ஒருவர் அறிந்திருந்தாலும் நான் அன்றே மாட்டியிருப்பேன். ஆனால் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. சீனி முகம்மது பெரிய பெட்டி இரண்டு வாங்கினார். மற்றவர்களும் மாறிக்கொண்டார்கள்.

ஹரீஷ் இப்போது கல்யாணங்களில் பாடுவதில்லை. சுதி எங்கே நிற்கிறதென்று தெரியவில்லையாம். காதுக்குள் ஒரு விசில் மட்டும் நிற்காமல் ஓடுகிறதாம். டாக்டர் வரைந்து கொடுத்த படத்தை என்னிடம்தான் முதலில் காட்டினான். அந்தக் கோட்டை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே, எட்டாயிரம் வெள்ளி கூடக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: கொடுக்கலாம். பெரிய பெட்டி செய்வதைச் சின்னப் பெட்டி செய்யாது. அதை நான் செய்து பார்த்திருக்கிறேன். கை தவறவில்லை.

போன ஞாயிறு ஹரீஷ் புதுப் பெட்டியோடு வந்தான். தன் பைக்கை விற்று என்னுடையதைப் போலவே ஒன்று வாங்கியிருந்தான். “இதுல எனக்குக் கேக்கும்தானே அண்ணே?” என்று சத்தமாகக் கேட்டான், இப்போது சத்தமாகத்தான் பேசுகிறான். கேட்கும், பழக வேண்டும் என்றேன். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு இயர்போனில் அவனுடைய பழைய பாட்டைக் கேட்டோம். முடிந்ததும் நான் தலையாட்டினேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு, அவனும் தலையாட்டினான்.

வித்தியாசம் இருக்கிறது என்றுதான் இருவரும் சொன்னோம்.