வேலிய இடிச்சா பாயிண்டு

குடியா? அட, அதெல்லாம் இல்ல டாக்டரம்மா. மூணாம் நம்பர் ரூம்ல ஊதச் சொல்லியே பாத்துட்டாங்க, இந்த டிரைவர் மெடிக்கல் தாள்ல சீல் இருக்கு பாருங்க. அஞ்சு ரூம்ல நாலு முடிஞ்சுது, ஒங்க சீல் ஒண்ணுதான் பாக்கி. நர்ஸம்மா மெதுவா எடுத்துட்டு வரட்டும், சாப்பிடப் போனவங்கள வெரட்டக் கூடாது. கண்ணு ஏன் செவந்திருக்குன்னு கேட்டீங்கல்ல, அந்தக் கதைய அதுவரைக்கும் சொல்றேன். சிரிக்கக் கூடாது. வீடியோ கேம் ஆடினேன்.

சிரிச்சிட்டீங்க. பரவால்ல, என் பொண்டாட்டி புருல்சா நாலு நாளா சிரிக்கிறா, நீங்க ஒரு தடவ சிரிச்சா என்ன.

என்ன பண்றது சொல்லுங்க. போன வாரம் தோ-அஷூ கணவாய்ல பனி சரிஞ்சு ரோட்ட மூடிட்டாங்க. பிஷ்கெக்லேர்ந்து ஓஷுக்கு ஒரு வண்டி போகல. இருபத்தெட்டு வருஷமா அந்த ரோட்ல ஆள் ஏத்திட்டுப் போறவன நாலு நாள் வீட்ல உக்காரச் சொன்னா என்ன ஆவான்? ஒண்ணு பொண்டாட்டியோட சண்ட போடணும், இல்ல கூரை ஒழுகறத சரி பண்ணணும். ரெண்டுக்கும் தெம்பு இல்ல. என் மச்சினன் தலாய்பெக் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போறப்ப ஒரு பெட்டிய எங்க வீட்ல போட்டுட்டுப் போயிருந்தான். அத எடுத்து டிவியில மாட்டினேன்.

கார் ரேஸுங்க. ஆனா ஒரே எடத்துல மாவாட்டற மாதிரி சுத்தற ரேஸ் இல்ல. ஒரு நாட்டையே தூக்கிக் கையில குடுத்துடறான். மலை, கடல், காடு, ஊரு, எங்க வேணா போ, கேக்க ஆள் இல்ல. பெட்ரோல் தீராது. டயர் வெடிக்காது. எனக்கு நம்பிக்கையே வரல, ரெண்டு தடவ பெட்ரோல் பங்க் எங்க இருக்குன்னு தேடிட்டுத் திரிஞ்சேன்.

மொதப் பந்தயம் கேளுங்க. மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு எண்றான். நான் எப்பவும் போல ரெண்டு கையையும் விரிச்சு, ஆமீன்னு சொல்லி மூஞ்சியத் தடவி முடிச்சுட்டுப் பாத்தா, ரோட்ல ஒரு பய இல்ல. எல்லாரும் போயாச்சு. கடவுள வேண்டிக்காம எப்படிங்க வண்டிய எடுக்கறது? சரி போனாப் போகுதுன்னு வெரட்டிட்டுப் போறேன், ஒரு வளைவுல சர்ச்சு, பக்கத்துல கல்லறைங்க. எந்த மதமா இருந்தா என்ன, செத்தவன் செத்தவன்தானே. வேண்டிக்க கை தானா மேல போயிடுச்சு. ஓஷ் ரோட்லனா ஒரு கை ஸ்டியரிங்ல இருக்கும், இங்க ரெண்டு கையும் அந்தச் சனியன் புடிச்ச பட்டன் கட்டைலேர்ந்து எடுத்துட்டேன். வண்டி நேரா குளத்துல.

ஒண்ணும் ஆகலங்க. அதான் விஷயமே. ஒரு பட்டன அமுக்கினா காலம் பின்னால ஓடுது. வண்டி தண்ணிலேர்ந்து எழும்பி மறுபடி ரோட்ல நிக்குது, ஒரு கீறல் இல்ல. கடவுள் தோ-அஷூவுல அந்த மாதிரி ஒரு பட்டன் வச்சிருந்தா, எங்க டிரைவர் பயலுவ பாதிப் பேரு இன்னிக்கு உசுரோட இருந்து என் சவாரியப் புடுங்கிட்டு இருப்பானுவ.

இன்னொரு கூத்து. யாரோ ஒருத்தனோட வேலிய இடிச்சுக்கிட்டு திராட்சைத் தோட்டத்துக்குள்ள பூந்துட்டேன். தடியத் தூக்கிட்டு வருவானேன்னு நான் கதவப் பூட்டப் பாக்கறேன், அவன் என்னடான்னா பாயிண்டு குடுக்கறான். வேலிக்கு இவ்வளவு, மரத்துக்கு இவ்வளவு. ரோட்ல கேமரா இருக்கு, நம்ம ஊர் கேமரா மாதிரியே. பழக்க தோஷத்துல பிரேக்க மிதிச்சேன். மிதிச்சதுக்கு மதிப்பே இல்ல. இருநூத்தம்பதுல பறந்தாத்தான் மூணு நட்சத்திரமாம். என் வாழ்க்கையில எனக்குப் புடிச்ச மொத கவர்மெண்டு அதுதான்.

ரோட்டோரத்துல ஒருத்தன் கைய ஆட்டினான்னு நிறுத்தினேன். எங்க போகணுமோ என்னமோ, வண்டி காலியாத்தான போகுதுன்னு. அவன் பந்தயம் பாக்க வந்தவனாம். புருல்சா பின்னாலேர்ந்து, ஒரே ஆளோட கெளம்பாதீங்க, இன்னும் ஆறு பேரு சேரட்டும்னா.

இந்தத் தாள் இல்லாட்டி? இல்லாட்டி என்னங்க, ரோட்ல மொத போலீஸ்காரனே வண்டிய ஓரங்கட்டிடுவான். அடுப்பு எரியணும்ல. அதவிட, வர்ற சனிக்கெழம ஓஷுக்குப் போயே ஆகணும். என் பொண்ணு நூர்ஜமால் புள்ள பெத்து நாப்பது நாள் முடிஞ்சுது. மொதப் பேரன். அவளையும் புள்ளையையும் பொறந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். வேற எவன் வண்டியிலயாவது வா, நான் வீட்ல உக்காந்திருக்கேன்னு சொல்ல முடியுமா? சம்பந்தி வீட்ல வாயால சிரிக்க மாட்டாங்க.

சரி, கேமுக்கு வர்றேன். அதுல ஒரு குத்தம் உண்டு. செஞ்சவன் எவனோ எம்மேல வஞ்சம் வச்சுச் செஞ்சிருக்கான். இடிக்கிற வண்டி பூரா இடது பக்கத்துலேர்ந்தே வருது. வலது பக்கம் வர்றவன் சொல்லிட்டு மரியாதையா வர்றான். இடது பக்கம் ஒரு லாரி, ஒரு டிராக்டர், ஒரு தடவ ஒரு முழு பஸ்ஸே, ஜின்னு மாதிரி மண்ணுலேர்ந்து மொளைக்குது. மூணு நாள் அவனத் திட்டினேன் டாக்டரம்மா. அவன் அப்பன், அவன் பாட்டன், எவனையும் விடல.

நேத்து மத்தியானம் அப்படித்தான், இடிக்கு மேல இடி. புருல்சா பக்கத்து வீட்டுக்குப் போயிட்டான்னு நெனச்சுட்டு, அந்தக் கோவத்துல மாமியாரப் பத்தியும் நாலு வார்த்த சத்தமா சொன்னேன். இருபது வருஷமா மனசுல கெடந்தது. எல்லாம் சொல்லி முடிச்சப்பறம் காதுகிட்ட ஒரு கொரல். எங்கம்மா ஒங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினாங்கன்னு கேக்குது. பாத்தா, எடது கைப்பக்கம் சோபாவுல உக்காந்திருக்கா. ஒரு மணி நேரமா உக்காந்திருக்கா. ஒரு தட்டு எண்ணெயில பொரிச்ச போர்சோக்க டீயில நனைச்சு நனைச்சுத் தின்னு முடிச்சிருக்கா.

சண்ட போடுவான்னு பாத்தேன். போடல. பட்டன் கட்டைய வாங்கினா. சின்ன வயசுல கழுதை வண்டி ஓட்டினதோட சரி, அவளுக்கு வேற ஒண்ணும் தெரியாது. அதே ரோடு, அதே வளைவு. இடது பக்கம் லாரி வருது, தூரத்துலயே பாத்துட்டு ஒதுங்கிட்டா. டிராக்டர், ஒதுங்கிட்டா. கட்டையக் கீழ வச்சா. எந்திரிச்சு என் பின்னால வந்து, உள்ளங்கையால என் வலது கண்ண மூடினா. என்னங்க தெரியுதுன்னு கேட்டா.

ஏன்டி டிவிய அணைச்சேன்னு கேட்டேன்.

அவ அணைக்கலைங்க.

இல்லங்க, இருங்க, நானே சொல்லிடறேன். ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க முறையாத்தான் வலது கண்ண மூடச் சொன்னீங்க, பத்தாவது வரியப் படிங்கன்னீங்க. நான் எங்க படிச்சேன்? ஷா, பே. எம், என், கா. நாலாங் கிளாஸ்லேர்ந்து எல்லா ஆஸ்பத்திரிலயும் இதே ரஷ்ய எழுத்து அட்டைதானே தொங்குது. எங்க டிரைவர் பயலுவளுக்குத் தொழுகைல தப்பு வந்தாலும் வரும், இதுல வராது. என், கா, இ, பே, எம், ஷான்னு மூச்சு விடாம ஒப்பிச்சேன். நீங்க நல்ல பார்வைன்னு எழுதிட்டீங்க. எனக்கு ஒங்க சொவரே தெரியல.

ஏமாத்தத்தான் வந்தேன். மறைக்கல. புருல்சாவுக்கும் தெரியும். சனிக்கெழம அவ முன்னால என் பக்கத்து சீட்ல உக்காந்துக்கிட்டு, இடதுல லாரி, இடதுல ஆடுன்னு சொல்லிட்டே வர்றதா ஏற்பாடு. அறுநூறு கிலோமீட்டர். அவ வாய்க்கு அது முடியாததில்ல. மத்த ஆறு பேரும் பின்னால காசு குடுத்துட்டுத் தூங்குவாங்க, அவங்களப் பத்தி நான் நெனைக்கவே இல்ல. வெக்கமாத்தான் இருக்கு, ஆனா நெனைக்கல.

இன்னிக்குக் காலைல இங்க வர்றப்ப தனியா வந்தேன். முனையில திரும்பினேன், ஒரு பொம்பள இடது பக்கத்துலேர்ந்து வண்டியோட தகரத்தப் படபடன்னு தட்டறா. பாய்ஞ்சு திட்டலாம்னு கண்ணாடியில பாத்தேன். ஒரு கையால தட்டறா. இன்னொரு கையில புள்ள. துணில சுத்தி, இவ்வளவுதான் இருக்கும், நாப்பது நாளுதான் இருக்கும். சக்கரத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு சாண். அவ எங்கேர்ந்து வந்தான்னே எனக்குத் தெரியாது. வெள்ளக் கோட்டு மேலதான் நடந்திருக்கா.

அப்பவும் நேரா இங்கதான் வந்தேன். கியூவுல நின்னேன். ஒங்க முன்னால உக்காந்து எழுத்த ஒப்பிச்சேன். மனுஷன் எவ்வளவு கெட்டவன் பாருங்க.

வாங்க நர்ஸம்மா, ஒங்களத்தான் எதிர்பாத்துட்டு இருக்கோம். சீல அந்தப் பக்கமா வச்சிடுங்க. டாக்டரம்மா, குத்தாதீங்க. அந்த நல்ல பார்வைங்கறத அடிச்சிடுங்க, பேனா ஒங்க கைலதான இருக்கு.

மருந்து, ஆபரேஷன், எழுதிக் குடுங்க, வர்றேன். எது மிஞ்சுதோ அதக் காப்பாத்துங்க. பேரன் மூஞ்சிய அரை மூஞ்சியா பாத்தாலும் போதும். பொண்ணுக்கு நானே போன் பண்றேன், அடுத்த தெரு ஜூமாஷ் வண்டியில வரச் சொல்லி. சம்பந்தி சிரிச்சா சிரிக்கட்டும்.

இந்தாங்க சாவி. வெளிய வெள்ள வேனு, கேட்டுக்குப் பக்கத்துல. இது ஒங்க மேசைலயே இருக்கட்டும், ஜூமாஷ் சாயங்காலம் வந்து வாங்கிக்குவான். என் பையில இருந்தா நான் ஓட்டிட்டுப் போயிடுவேன், என்ன நம்பாதீங்க.

அப்பறம் ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டுப் பக்கம், நம்ம ஊர் ஓஷ் பஜாருக்கு இங்கேர்ந்து எத்தனாம் நம்பர் பஸ்ஸுங்க போகுது? இந்த ஊர்ல பொறந்து வளந்தவன், இதுவரைக்கும் யாரையும் கேட்டதில்ல.