கிணற்றுப் படத்தில் வைத்த புளியங்கொட்டை

அவைக்கு அழகூட்டும் அறக்கட்டளைத் தலைவர் விஜயராஜ் அண்ணாச்சி அவர்களே, நான் சேர்த்துவைத்த வேடிக்கைகளை எனக்கு முன்பே பேசித் தீர்த்துவிட்ட மேடைப் பெரியோர்களே, சங்கரன்கோவில் கடைவீதியைப் பாதிக் கதவடைத்து வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, வேனேறி வந்த கரிசல்காட்டுத் தாய்மார்களே, பந்திக் கதவையே பார்த்திருக்கும் பங்காளிகளே, வணக்கம்.

நலத்திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. காலையில் இட்லியா தோசையா என்று கேட்க வீட்டில் ஆளில்லாமல், ஓட்டல்காரர் வைத்ததைத் தின்கிறவன் நான். ஏழு ஆண்டாக இந்த அறக்கட்டளைக்காக ஊர் ஊராய்ப் போய் ஊருக்குத் திட்டம் தேர்ந்தெடுக்கிறேன். சிரியுங்கள், சிரிப்பு இலவசம்.

ஊர்ப் பொட்டலில் கோலப்பொடியால் ஊரை வரைவோம். தேவைகளைப் படங்களாகப் பரப்புவோம். வீட்டுக்கொரு புளியங்கொட்டை கொடுப்போம். எந்தப் படத்தில் கொட்டை குவிகிறதோ, அதுவே திட்டம். படிக்காதவருக்கும் பங்குண்டு, பயந்தவருக்கும் பங்குண்டு. அருமையான முறை. அதைக் கெடுக்க நான் ஒருவன் போதும்.

போன ஆண்டு, இளையரசனேந்தல் பக்கம் நாற்பத்துமூன்று வீட்டு ஊர். நாற்பத்திரண்டு கொட்டை ‘வீட்டுக்கு வீடு குழாய்’ படத்தில். ஒன்றே ஒன்று, பழைய கிணற்றைச் சீராக்கும் படத்தில். வைத்தவர் ஆவுடையம்மாள், கிணற்றை ஒட்டிய வீட்டில் தனியாக இருப்பவர்.

“யக்கா, வெயில்ல கண்ணு கூசுதோ? குழாய் இங்கனல்லா இருக்கு” என்றேன். ஊரே சிரித்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிரிப்பைப் பார்த்து மூடிக்கொண்டார். அந்தக் கொட்டையை என் விரலாலேயே குழாய்ப் படத்துக்கு நகர்த்தினேன். அறிக்கையில் ‘ஒருமனதாக’ என்று எழுதினேன்.

என்ன வே? குழம்பு ஆறுதா? ஆறட்டும். எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாதம் குழாய் பார்க்கப் போனேன். கிணற்றடி வெறிச்சென்று கிடந்தது. ராட்டினத்தில் கயிறுகூட இல்லை.

“தண்ணி எப்படிக்கா வருது?” என்று ஆவுடையம்மாளிடம் கேட்டேன்.

“தண்ணி நல்லாத்தான் வருது அண்ணாச்சி. ஆளுதான் வரல. முன்ன சண்டை போடவாச்சும் நாலு பேரு வருவாவ. இப்பம் குழாயத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

“அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?”

“எங்க சொல்லவிட்டிய? எல்லாத்தையும் சிரிக்க வச்சிட்டியள்லா.”

குழாய் குற்றமா? இல்லை. தலைச்சுமை தீர்த்த குழாய் குற்றமே இல்லை. கேட்ட நாற்பத்திரண்டு பேர் குற்றமா? இல்லவே இல்லை. தனித்துக் கிடந்த கொட்டையிடம் ‘ஏன்’ என்று கேட்காமல் தமாஷ் பேசிய வாய் எது? இந்த வாய்.

இந்த ஆண்டின் திட்டங்களில் தலைவர் இன்று கையெழுத்திடுகிறார். அதற்குமுன் ஒரு விண்ணப்பம். அந்தக் கிணற்றடியில் ஒரு கொட்டகை போடுங்கள். மகளிர் குழு அங்கே கூடட்டும், கூடிப் பேசட்டும், பேசிச் சண்டையும் போடட்டும். ‘ஒருமனதாக’ என்பதை அடித்து, ‘ஒருவர் நீங்கலாக’ என்று எழுதுங்கள். இனி எந்த ஊரிலும் குவிந்த கொட்டைக்குக் கைதட்டுமுன், தனித்த கொட்டைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கேட்போம்: ஏன் தாயே?

அதோ, கடைசி வரிசையில் ஆவுடையம்மாள். பக்கத்து நாற்காலி காலி. தலைவர் பதில் சொல்லும்வரை என் இடம் அங்கேதான். முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு வாயை மூடிக் கேட்க வேண்டும். இரண்டாவதுதான் எனக்குக் கடினம்.

பொறுத்தவர்களுக்கு நன்றி. நாளைக் காலை தனியே உண்ணப்போகும் ஒவ்வொருவருக்கும் என் வணக்கம்.